அலுமாரி மேலே இருக்கும் ஸ்பீக்கரைக் கீழே இறக்குங்கள்

எங்கள் பக்கத்தில் எந்த வீட்டுக்குள் போனாலும் ஸ்பீக்கரை எங்கே தேட வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒரு பெட்டி அலுமாரிக்கு மேலே, கூரைத் தகரத்துக்கு ஒரு முழம் கீழே. அடுத்தது டீவி மேசைக்குப் பக்கத்தில் தரையில், மூலைக்குள் முதுகை ஒட்டிக்கொண்டு. மேலே இருப்பதன் தலையில் பிளாஸ்டிக் பூச்சாடி, கீழே இருப்பதன் தலையில் பிள்ளைகளின் கொப்பிகள். தெரணியகலையில் இப்படித்தான், எட்டியாந்தோட்டையில் இப்படித்தான், இறக்குவானையில் பெண் எடுத்த வீட்டிலும் இப்படித்தான். பெட்டி குவைத்திலிருந்து அக்கா அனுப்பியதாக இருக்கும். அல்லது கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் பேரம் பேசி வாங்கியதாக இருக்கும். அல்லது ஜப்பானில் யாரோ கழித்துவிட்டதை இங்கே கடையில் தூசி தட்டி விற்றிருப்பார்கள். எங்கிருந்து வந்தாலும் வந்து சேரும் இடம் அலுமாரி மேல்.

அப்புறம் என்னைக் கூப்பிடுவார்கள். தோட்டத்தில் வயர் பூட்டத் தெரிந்தவனுக்கு வேலைக்கா பஞ்சம்?

"அண்ணே, சத்தம் வருது. பாட்டு வரல. வேற செட் ஒன்னு பாக்கவா?"

"செட்ட விடு தம்பி. மொதல்ல எறக்கி வைப்போம்."

இந்தப் பதிவு முழுக்க அந்தப் பதிலைத்தான் நீட்டிச் சொல்லப் போகிறேன். காசு கொடுத்து அடுத்த செட் வாங்குவதற்கு முன்னால் இருக்கிற பெட்டியை நகர்த்திப் பாருங்கள். நம்முடைய அறைகள் சின்னவை. சின்ன அறையில் பெட்டி பாடுவதில் பாதியை அறைதான் பாடுகிறது.

அலுமாரி மேல் என்ற இடம் முட்டாள்தனத்தில் வந்ததில்லை. அது ரேடியோவின் இடம். கொழும்பில் 1925 டிசம்பர் 16ஆம் திகதி ஒலிபரப்பு தொடங்கியது. பிறகு இலங்கை வானொலி என்று பேர் எடுத்து, வர்த்தக சேவை வந்து, எஸ்.பி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் என்று குரல்கள் தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்துக்கு லயம் பழக்கமாயின. அந்தக் காலத்து ரேடியோ ஒரே ஒரு ஸ்பீக்கர் உள்ள மரப்பெட்டி. மத்திய அலையில் 5,000 ஹேர்ட்ஸுக்கு மேல் பெரிதாக ஒன்றும் வந்து சேராது. அடித்தாளமும், அதாவது பாஸும், சொற்பம். அதை மூலையில் பலகை அடித்து உயரத்தில் வைத்தால் மூலைச் சுவர்கள் அடித்தாளத்தைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும், பிள்ளைகளின் கைக்கும் எட்டாது, ஏரியல் கம்பியை வெளியே இழுக்கவும் வசதி. அந்தப் பெட்டிக்கு அது சரியான இடம். ரேடியோ போய் கெசட் டெக் வந்தது, டெக் போய் சீடி வந்தது, இப்போது ஃபோனிலிருந்து புளூடூத். பலகை மட்டும் மாறவில்லை. தானாகவே அடித்தாளம் கொடுக்கிற பெட்டியைக் கொண்டுபோய் அடித்தாளத்தைப் பெருக்கும் மூலையில் வைத்திருக்கிறோம்.

அந்த மூலை என்ன செய்கிறது என்று பார்க்கலாம். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் ஒரு பெரிய சுவர் இருந்தால் தாழ்ந்த ஒலிகள் 6 டெசிபல் வரை ஏறும். தரை ஒன்று, பின்சுவர் ஒன்று, பக்கச்சுவர் ஒன்று என்று மூன்றும் சேரும் இடம்தான் மூலை. அங்கே மேல் ஒலிகள் இருந்த இடத்திலேயே இருக்க, கீழ் ஒலிகள் மட்டும் வீங்கிவிடும். பாடகரின் குரலுக்கு மேல் கம்பளி போர்த்தியது போல இருப்பது அதனால்தான்.

இதோடு அறையின் அளவும் சேர்ந்துகொள்ளும். பழைய லயத்துக் காம்பரா பொதுவாக 10 அடிக்கு 12 அடி. முன்னால் இஸ்தோப்பு, பின்னால் குசினி. ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 346 மீற்றர் ஓடுகிறது, நம் வெப்பத்தில். 12 அடிச் சுவர்களுக்கிடையே போய்த் திரும்பும் தூரத்துக்குச் சரியாகப் பொருந்துகிற அலை 47 ஹேர்ட்ஸ். 10 அடிக்கு 57 ஹேர்ட்ஸ். பாட்டில் அந்த ஒலி வரும்போதெல்லாம் அறை அதைப் பிடித்துக்கொண்டு விடாது. சுவரோரம் இருப்பவருக்குக் காது அடைக்கும், நட்டநடு அறையில் நிற்பவருக்கு அதே ஒலி காணாமல் போயிருக்கும். நம்பாவிட்டால் ஃபோனில் ஒலி எழுப்பும் செயலி ஒன்றை இறக்கி, 50 ஹேர்ட்ஸ் பக்கத்தில் ஒரு நீண்ட ஒலியை மெதுவாக ஓடவிட்டு அறைக்குள் நடந்து பாருங்கள். நாலு எட்டு வைப்பதற்குள் ஏறி இறங்குவது தெரியும். மூலையில் இருக்கும் பெட்டி இந்த அலைகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் முழு மூச்சாகக் கிளப்பிவிடும். அறை 10க்கு 10 என்று சதுரமாக இருந்தால் இன்னும் மோசம். இரண்டு பக்கத்து அலையும் ஒரே இடத்தில் விழும். புதிதாகத் தனி வீடு கட்டுகிறவர்கள் அறையைச் சதுரமாக வைக்காமல் ஒரு பக்கத்தை இரண்டடி நீட்டினால் பாட்டு கேட்பவன் வாழ்த்துவான்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பழைய லயத்துக் காம்பராவில் அடித்தாளத் தொல்லை, டவுனில் மேலே கொங்கிரீட் போட்ட வீட்டைவிடக் கொஞ்சம் குறைவு. தகரம் மெல்லியது, அதன் வழியாகத் தாழ்ந்த ஒலி வெளியே ஒழுகிப் போய்விடும். கொங்கிரீட் எதையும் வெளியே விடாது. கேகாலை டவுனில் மாடி வீடு கட்டிக் குடிபோன என் நண்பர் ஒருவர், லயத்தில் இருக்கும்போது நன்றாக இருந்த அதே செட் இப்போது ஏன் உறுமுகிறது என்று கேட்டார். செட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. கூரைதான் மாறிவிட்டது. ஆனால் தகரத்துக்கு வேறு குணம் உண்டு. ஆணி தளர்ந்திருந்தால் குறிப்பிட்ட ஒரு சுரத்துக்கு அது தானே ஜிவ்வென்று பாடும். அந்த ஜிவ்வைக் கேட்டுவிட்டு ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று கழற்றிக் கொண்டுபோனவர்களை எனக்குத் தெரியும். முதலில் கூரையையும், கண்ணாடி அலுமாரியையும், சுவரில் மாட்டியிருக்கும் கலண்டரையும் ஒரு கையால் அழுத்திப் பாருங்கள்.

சரி, எப்படி வைப்பது? அதற்கு முன்னால் எதை வைத்துக் கேட்பது என்று சொல்லிவிடுகிறேன். கடைக்காரர்கள் ஹெலிகொப்டர் பறப்பது, கண்ணாடி உடைவது எல்லாம் போட்டுக் காட்டுவார்கள். அதில் ஒன்றும் தெரியாது. நான் போடுவது 1960களின் பழைய பாட்டு. விஸ்வநாதன் - ராமமூர்த்தி காலத்துப் பாட்டுகள் மோனோவில் பதிவானவை. இடது வலது என்று எதுவும் இல்லை, இரண்டு பெட்டிக்கும் ஒரே சமிக்ஞை போகிறது. பெட்டிகள் சரியாக வைக்கப்பட்டிருந்தால் டி.எம். சௌந்தரராஜனின் குரல் இரண்டுக்கும் நடுவில், ஒன்றுமே இல்லாத வெற்று இடத்திலிருந்து வர வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் சுட்டிக்காட்ட முடிய வேண்டும். குரல் அகலமாகப் பரவியிருந்தாலோ ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ வேலை முடியவில்லை என்று அர்த்தம். நம் வீடுகளில் ஓடும் பாட்டில் பெரும்பகுதி இந்தப் பழைய மோனோதான் என்பதால், இது பரிசோதனை மட்டும் இல்லை, நாம் தினமும் கேட்பதும் இதுதான். தமிழில் ஆரம்பகால ஸ்டீரியோ பதிவுகளில் ஒன்று இளையராஜாவின் 'ப்ரியா', 1978. அதற்குப் பிந்தியவற்றைக் கடைசியாகப் போட்டுக் கேளுங்கள்.

ஸ்டீரியோ என்ற யோசனையே ஒரு சினிமாக் கொட்டகையில் பிறந்ததாகத்தான் சொல்வார்கள். ஆலன் புளூம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் மனைவியோடு படம் பார்க்கப் போனார். திரையில் நடிகர் ஒரு பக்கம் நிற்க, குரல் வேறு பக்கத்து ஒற்றை ஸ்பீக்கரிலிருந்து வந்ததாம். ஆளைப் பின்தொடர்ந்து குரலும் போகும்படி செய்ய வழி இருக்கிறது என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வந்தவர், 1931 டிசம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அலுமாரி மேல் ஒன்று, தரையில் ஒன்று என்று வைத்துக் கேட்கும்போது நாம் மறுபடியும் அந்தக் கொட்டகைக்கே போய்விடுகிறோம்.

இரண்டாவது சோதனை மிருதங்கம். சி.வி. ராமன் 1920இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் எழுதியது இது: சாதாரணத் தோல் வாத்தியத்தின் மேல்சுரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை, ஆனால் நம் மிருதங்கத்திலும் தபேலாவிலும் தோலின் நடுவே அப்பியிருக்கும் அந்தக் கறுப்புப் பூச்சு அவற்றை ஒழுங்குபடுத்தி, தந்தி வாத்தியம் போல இசைவான சுரங்களாக்கி விடுகிறது. அதனால் மிருதங்கத்தின் வலந்தலையில் சுருதியே கேட்கும். இடந்தலையான தொப்பியிலோ வாசிப்பவர் உள்ளங்கையால் அழுத்தி இழுக்கும்போது கும்கி கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு போகும். நல்ல இடத்தில் வைத்த பெட்டியில் அந்த வழுக்கல் முழுதாகக் கேட்கும். மூலையில் வைத்த பெட்டியில் எல்லா அடியும் ஒரே 'தும்' ஆகிவிடும், ஏனென்றால் வாசிப்பவர் எந்தச் சுரத்தைக் கொடுத்தாலும் அறை தனக்குப் பிடித்த சுரத்தையே திருப்பிக் கொடுக்கிறது. 'பாஸ் சூப்பரா இருக்குண்ணே' என்று நம் பையன்கள் சொல்வது பெரும்பாலும் இந்த ஒற்றைத் தும்மைத்தான். தப்பும் உருமியும் நேரில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அதில் ஏமாறக் கூடாது.

இப்போது வைக்கலாம். பெட்டி இரண்டும் ஒரே உயரத்தில் வர வேண்டும், இதில் பேரமே இல்லை. மேலே இருக்கும் சின்ன ஸ்பீக்கர், அதுதான் ட்வீட்டர், உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில் இருக்கட்டும். பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தால் காது தரையிலிருந்து மூன்றரை அடி மாதிரி வரும். பாயில் சம்மணமிட்டுக் கேட்கிறவர்களுக்கு அதைவிட ஒரு அடி இறக்கலாம். ஸ்டாண்ட் வாங்கக் காசு செலவழிக்க வேண்டாம். சீமெந்து புளொக் கல்லை அடுக்கிக் கொஞ்சம் சாந்து வைத்து ஆடாமல் செய்தால் கடை ஸ்டாண்டை வென்றுவிடும். வீட்டில் தவழும் பிள்ளை இருந்தால் சுவரோடு சேர்த்துக் கட்டுங்கள். கல்லுக்கும் பெட்டிக்கும் நடுவில் நாலு மூலைக்கும் பழைய ரப்பர் செருப்பை வெட்டி வையுங்கள். கேகாலை மாவட்டத்தில் இருந்துகொண்டு ரப்பருக்குக் கொழும்பு போகிறவனை என்ன சொல்வது?

பழைய பலகைத் தேயிலைப் பெட்டி வீட்டில் கிடந்தால் அதன் மேல் மட்டும் ஸ்பீக்கரை வைக்காதீர்கள். 1950களில் இங்கிலாந்தில் வாத்தியம் வாங்கக் காசில்லாத பையன்கள் காலித் தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து, ஒரு கம்பும் ஒரு கயிறும் பூட்டி அதையே பாஸ் வாத்தியமாக வாசித்தார்கள். ஜோன் லெனனின் முதல் குழுவான குவாரிமென்னிலும் அப்படி ஒன்று இருந்தது. அந்தக் குழுதான் பிறகு பீட்டில்ஸ் ஆனது. தேயிலைப் பெட்டி அவ்வளவு நன்றாகப் பாடும். ஸ்பீக்கருக்குக் கீழே இருப்பது பாடக் கூடாது. உள்ளே மணலை நிரப்பினால் வாயை மூடிக்கொள்ளும், அப்போது வைக்கலாம்.

அடுத்தது தூரம். இரண்டு பெட்டிக்கும் நடுவே நாலரை அடி, ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் உங்கள் தலைக்கு நாலரை அடி. மூன்று பக்கமும் சமமான முக்கோணம். "இவ்வளவு கிட்டவா?" என்று எல்லோரும் கேட்பார்கள். ஆமாம், கிட்டத்தான். இந்தச் சின்ன அறையில் தள்ளிப்போய் உட்கார்ந்தால் பெட்டியை விடச் சுவர்தான் அதிகம் கேட்கும். கிட்டே உட்கார்ந்தால் சத்தத்தைக் குறைக்கலாம், பெட்டி சொல்வது நேராகக் காதுக்கு வரும். 10 அடி தள்ளி உட்கார்ந்தவர் 5 அடிக்கு வந்தால் பெட்டியிலிருந்து நேரே வரும் ஒலி 6 டெசிபல் கூடும், அதாவது அம்ப் நாலில் ஒரு பங்கு வேலை செய்தால் போதும். உங்கள் தலை பின்சுவரில் முட்டாமல் இரண்டு மூன்று அடியாவது முன்னால் இருக்கட்டும். கட்டிலில் சாய்ந்து சுவரில் தலை வைத்துக் கேட்டால் அறையிலேயே அடித்தாளம் அதிகமாக வீங்கும் இடத்தில் காதை வைத்திருக்கிறீர்கள்.

பின்சுவருக்கும் பெட்டிக்கும் எவ்வளவு இடைவெளி என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து. கணக்கு இதுதான். பெட்டியின் பின்னால் போன ஒலி சுவரில் பட்டுத் திரும்பி வந்து முன்னால் போகும் ஒலியோடு மோதும். அலையின் நீளத்தில் கால் பங்கு தூரம் இருந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். ஸ்பீக்கரின் முகம் சுவரிலிருந்து 60 சென்ரிமீற்றர் என்றால் 144 ஹேர்ட்ஸில் ஒரு பள்ளம் விழும். ஆண் குரலின் நெஞ்சுப் பகுதி அங்கேதான் இருக்கிறது. குரல் ஒல்லியாகிவிடும். ஒரு மீற்றர் தள்ளினால் பள்ளம் 86க்கு இறங்கும், குரல் தப்பிக்கும், மிருதங்கம் கொஞ்சம் இழக்கும். நடுத்தரமான அந்த இரண்டடிதான் பலரும் 'இடைவெளி விட்டோம்' என்று திருப்திப்படும் தூரம், அதுதான் கெட்ட தூரமும். காம்பராவில் ஒரு மீற்றர் விட இடம் ஏது? அதனால் என் வழி: சின்னப் பெட்டியாக இருந்தால் சுவரோடு நன்றாக ஒட்டியே வையுங்கள், பின்னால் வயர் போக இடம் விட்டால் போதும். ஆனால் மூலையிலிருந்து பக்கவாட்டில் இரண்டரை அடியாவது நகர்த்துங்கள். ஒட்டியதால் அடித்தாளம் கூடினால் அம்பில் பாஸ் திருகியை இறக்குங்கள். பெட்டியின் பின்னால் துளை இருந்தால் பழைய காலுறையைச் சுருட்டித் துளைக்குள் செருகுங்கள். சிரிக்காதீர்கள், பேர்போன கம்பனிகளே பெட்டியோடு பஞ்சு அடைப்பான் கொடுக்கிறார்கள். 12 அங்குல ஊஃபர், அதாவது கீழ் ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர், உள்ள ஜப்பான் பெட்டியைக் காம்பராவுக்குள் கொண்டுவந்தவர்களுக்கு என்னிடம் வைத்தியம் குறைவு. இந்த அறைக்கு 5, 6 அங்குலமே தாராளம்.

காம்பராவின் இன்னொரு வில்லங்கம் கதவு. இஸ்தோப்புக் கதவு ஒரு பக்கமாக இருக்கும், பகலில் திறந்தே கிடக்கும். அந்தப் பக்கத்துப் பெட்டிக்குப் பக்கச்சுவர் இல்லை, அதன் அடித்தாளம் வெளியே போய்விடும். மற்றப் பெட்டி சுவரோரம் உறுமும். குரல் சுவர்ப் பக்கம் சாயும். அம்பில் பாலன்ஸைத் திருகுவதற்கு முன்னால், சுவர்ப் பக்கத்துப் பெட்டியை இன்னும் அரையடி உள்ளே இழுத்துப் பாருங்கள். பிறகு முகத்தைத் திருப்புவது. இரண்டு பெட்டியும் உங்கள் தலைக்குப் பின்னால் ஓர் அடியில் சந்திப்பது போலத் திருப்பிவிட்டுப் பழைய பாட்டைப் போடுங்கள். குரல் கூர்மையாகி நடுவில் நின்றால் விட்டுவிடுங்கள். காதைக் குத்தினால் கொஞ்சம் வெளியே திருப்புங்கள். இந்தக் கட்டத்தில் ஓர் அங்குலம்கூடக் கேட்கும். வீட்டில் இன்னொருவரை நகர்த்தச் சொல்லி நீங்கள் உட்கார்ந்து கேட்பது நல்லது. சரியான இடம் கிடைத்ததும் தரையில் சோக்கால் கோடு போடுங்கள், இல்லாவிட்டால் காலையில் கூட்டிப் பெருக்கும்போது எல்லாம் போய்விடும்.

தனியாக சப் ஊஃபர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பழைய தந்திரம். சப்பை நீங்கள் உட்காரும் கதிரை மேல் வைத்துவிட்டு, பாட்டை ஓடவிட்டு, நீங்கள் சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். எங்கே காது வைத்தால் அடித்தாளம் சீராகக் கேட்கிறதோ அங்கேதான் சப்பின் இடம். இஸ்தோப்பிலிருந்து அம்மாயி பார்த்துவிட்டு என்ன கேட்பார் என்பது உங்கள் பாடு.

எதிரொலி பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள், கேட்டுவிட்டு முட்டைத் தட்டு ஒட்டலாமா என்று முடிப்பார்கள். ஒட்டாதீர்கள். மெல்லிய அட்டையில் ஒலி பெரிதாக அடங்காது, பல்லிக்குத்தான் வீடு. சாமான் குறைந்த, சிவப்புச் சீமெந்துத் தரை போட்ட அறையில் கையைத் தட்டினால் 'டிங்' என்று ஒரு வால் நீளும். அந்த வாலை வெட்டத் துணியும் பஞ்சும் வேண்டும், அதுவும் தடிப்பாக. 1895இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரை மண்டபத்தில் பேச்சே விளங்கவில்லை என்று வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியரைக் கூப்பிட்டார்கள். அவர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து அடுக்கி, ஓர்கன் குழாயை ஊதி, ஒலி அடங்கும் நேரத்தைக் கடிகாரத்தில் குறித்தார். விடியுமுன் மெத்தைகளைத் திரும்பக் கொண்டுபோய் வைப்பாராம். மண்டபங்களின் ஒலியைக் கணக்குப் போடும் இயலே அந்த மெத்தைகளில் தொடங்கியது. நம் வீட்டிலும் மெத்தை இருக்கிறது. பகலில் அதை எழுப்பி உங்களுக்குப் பின்னால் சுவரில் சாய்த்து வையுங்கள். பெட்டிக்கும் உங்களுக்கும் நடுவில் தரையில் தடித்த விரிப்பு ஒன்று. பக்கச்சுவரில் ஒருவர் முகக்கண்ணாடியைப் பிடித்து நகர்த்த, நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணாடியில் ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ அங்கே ஒரு கம்பளியை, சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள். தாத்தா காலத்தில் துரைமார் கொடுத்துவிட்டுப் பற்றில் போட்டுக் கழித்த அந்தத் தடித்த கம்பளி எங்காவது மிஞ்சியிருந்தால் அதைவிட நல்ல சாமான் இல்லை. ஒன்று மட்டும்: இதெல்லாம் குரலையும் மேல் ஒலிகளையும் சீராக்கும். அடித்தாளம் இதற்கு மசியாது. 100 ஹேர்ட்ஸை அடக்க முக்கால் மீற்றருக்கு மேல் தடிப்பு வேண்டும். அதற்குப் பெட்டியை நகர்த்துவதே வழி.

துருக்கியில் ஆராய்ச்சியாளர்கள் இருவர் தேயிலைத் தொழிற்சாலையில் கழிக்கும் நாரை எடுத்து ஒலியை உறிஞ்சும் தட்டு செய்து, 2009இல் ஓர் ஒலியியல் ஆய்விதழில் எழுதினார்கள். நன்றாகவே உறிஞ்சுகிறதாம். படித்ததும் எனக்குக் கை துறுதுறுத்தது. ஆனால் இந்த நாட்டில் கழிவுத் தேயிலையை அனுமதிப்பத்திரம் இல்லாமல் வைத்திருக்க முடியாது. பாட்டு கேட்கப் போய்ப் பொலிசுக்குப் போக வேண்டாம். இரத்தினபுரி ஈரத்தில் அது ஒரு மாதத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும் என்பது வேறு விடயம். தும்பு மெத்தையே போதும்.

பக்கத்து வீட்டையும் யோசிக்க வேண்டும். லயத்தில் சுவர் பொது. சில இடங்களில் நடுச்சுவர் கூரை வரை போகாமல் மேலே திறந்தே இருக்கும். மேல் ஒலி அந்தத் திறப்பு வழியாகப் போகும், தாழ்ந்த ஒலி சுவரையே ஆட்டிக்கொண்டு போகும். பொதுச்சுவரில் பெட்டியை ஒட்டி வைக்காதீர்கள். எதிர்ச்சுவர் இஸ்தோப்புப் பக்கமாக இருந்தால் அங்கே. விடியுமுன் பால் வெட்டப் போகிறவர் சுவருக்கு அந்தப் பக்கம் தூங்குகிறார். ராத்திரியில் பாஸைக் குறைத்துவிட்டு இன்னும் கிட்டே வந்து உட்காருங்கள்.

மழைக்கும் இதே விதிதான்: சத்தத்தைக் கூட்டாமல் கிட்டே வாருங்கள். இரத்தினபுரியில் தகரக் கூரைக்குக் கீழே பாட்டு கேட்கிறவர்களுக்கு மழை பெய்ததும் சத்தத்தைக் கூட்டுவது பழக்கம். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற 10 டெசிபல் வேண்டும், அதற்கு அம்ப் பத்து மடங்கு சக்தி கொடுக்க வேண்டும். சின்ன அம்புக்கு அது கிடையாது. அலையின் தலையை வெட்டி அனுப்பும், அந்த வெட்டுப்பட்ட ஒலியில் முதலில் சாவது ட்வீட்டர். நான் மாற்றிக் கொடுத்த ட்வீட்டர்களில் பாதி மழைக்காலத்தில் செத்தவை.

வயர் விடயத்தை ஒரே மூச்சில் முடிக்கிறேன். 1.5 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர் போதும். ஐந்து மீற்றருக்கு மொத்தத் தடை 0.12 ஓம்தான், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒன்றுமே இல்லை. அதற்கு மேல் காசு கேட்பவரிடம் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். சிவப்பு சிவப்புக்கும் கறுப்பு கறுப்புக்கும் போகிறதா என்பதுதான் முக்கியம். ஒரு பெட்டியில் மட்டும் மாறியிருந்தால் அடித்தாளம் காணாமல் போகும், மோனோப் பாட்டில் குரல் நடுவில் நிற்காமல் தலையைச் சுற்றி அலையும். வயரில் நிறம் தெரியாவிட்டால் ஒன்றரை வோல்ட் பற்றரியை முனைகளில் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். இரண்டு பெட்டியிலும் பெரிய ஊஃபர் ஒரே திசையில் துள்ள வேண்டும்.

ஜப்பான் பழைய அம்ப் வாங்குகிறவர்கள் பின்பக்கத்தில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் ப்ளக்கைச் செருகுங்கள். அங்கே 100 வோல்ட், இங்கே 230. நடுவில் ட்ரான்ஸ்ஃபோமர் இல்லாமல் செருகினால் பாட்டுக்குப் பதில் புகை வரும். பழைய பெட்டியில் ஊஃபரைச் சுற்றியிருக்கும் வளையத்தை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். ஃபோம் வளையம் நம் ஈரத்தில் உக்கிப்போய் விரலோடு தூளாக வரும். ரப்பர் வளையம் தாக்குப்பிடிக்கும். ஃபோம் போயிருந்தால் வளையம் மட்டும் மாற்றலாம், அதைச் சொல்லி விலையைக் குறையுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு பெட்டியின் அடி சீமெந்துத் தரையைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தூள்பலகை ஈரத்தை உறிஞ்சி வீங்கிவிடும். பின்துளைக்குக் கம்பி வலை போடுங்கள். எலி உள்ளே போய்ப் பஞ்சில் குட்டி போட்டிருந்த ஒரு பெட்டியை நான் திறந்திருக்கிறேன், அந்த மணத்தைப் பற்றி எழுத விருப்பமில்லை.

கடைசியாக இடி. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் ஆனால் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வரும். முதல் முழக்கம் கேட்டதும் ப்ளக்கைக் கழற்றிவிடுவது எல்லோருக்கும் தெரிந்த பழக்கம். மறப்பது டிஷ் வயரை. டிஷ்ஷிலிருந்து டீவிக்கு, டீவியிலிருந்து அம்புக்கு என்று வயர் போகிற வீடுகளில், கரண்ட் ப்ளக்கைக் கழற்றிவிட்டு நிம்மதியாக இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கும்போதே கூரை மேலிருந்து மின்னல் இறங்கி வந்து அம்பைத் தின்றுவிடும். இரண்டையும் கழற்றி, முனைகளைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போடுங்கள்.